நாங்கள் திருடிய மார்ச்

கணக்கு வாத்தியார் வராத நாட்களில் ஏழாம் வகுப்பை என்ன செய்வது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. வெளியே விட்டால் ஏரிக்கரைக்கு ஓடிவிடுவோம். வகுப்பிலேயே விட்டுவைத்தால் கூரையைப் பிரித்துவிடுவோம். அதனால் ஒன்பதாம் வகுப்பின் பின்பக்கத் தரையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். வாயைத் திறக்கக்கூடாது, பாடம் காதில் விழுந்தால் விழட்டும் என்பது ஏற்பாடு. என் ஆங்கிலத்தில் பாதி அப்படிக் காதில் விழுந்ததுதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். ஆங்கில சார் தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். வேலைக்குப் புதிது. பாடம் தொடங்குமுன் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு மரபுத்தொடரை எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, நாள் முழுக்க அழிக்கக்கூடாது என்று உத்தரவிடுவார். அன்றைக்கு அவர் எழுதியது 'ஸ்டீல் எ மார்ச்'.

ஸ்டீல் என்றால் எங்களுக்குக் குடம். மார்ச் என்றால் முழுப்பரீட்சை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசைக்காரர்களே விழித்தார்கள். சார் எழுத்துக்களைச் சுட்டிக்காட்டி, இது குடம் செய்கிற ஸ்டீல் இல்லை, திருடுவது என்று பொருள் என்றார். அப்படியானால் மார்ச் மாதத்தைத் திருடிவிட்டால் பரீட்சையே வராது என்று ஒரு பையன் சொன்னான். வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். பிறகு விளக்கினார். பழைய காலத்தில் ஒரு படை, எதிரி தூங்கிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் நடந்துபோய் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். எதிரி விழித்துப் பார்த்தால் மேட்டின் மேல் இவர்கள் நிற்பார்கள். அந்த நடைக்குத்தான் மார்ச் என்று பெயர். அடுத்தவன் அறியாமல் அவனை முந்திக்கொண்டு ஓர் அனுகூலத்தை அடைவதற்கு இந்தத் தொடரைச் சொல்வார்கள் என்றார்.

எங்கள் மண்டையில் படையும் ஏறவில்லை, மேடும் ஏறவில்லை என்பதை முகத்திலேயே பார்த்துவிட்டு அவர் வேறு உதாரணத்துக்கு வந்தார். சின்னசேலம் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறார்களே, அதுதான் ஸ்டீல் எ மார்ச். உடனே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக்கூட விளங்கிவிட்டது.

அப்போது அந்த ஒன்பதாம் வகுப்பில் படித்த என் அக்கா எழுந்து நின்று, அது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று கேட்டாள். சார் கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார்.

"முந்தினவன் நல்லதுன்னு சொல்லுவான். பிந்தினவன் கெட்டதுன்னு சொல்லுவான்" என்றார்.

அக்கா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒரு பதிலை ஏற்றுக்கொண்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, அவள் பெரியம்மாவின் மகள். பெரியம்மாவும் பெரியப்பாவும் கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தார்கள். படிக்கட்டும் என்று அவளை எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். விட்டிருந்தார்கள் என்பதைவிட, அம்மா சண்டை போட்டு நிறுத்திக்கொண்டாள் என்பதே சரி. பொங்கலுக்கு வந்தபோது பெரியப்பா தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து இவளைப் பற்றி ஒரு பிராது வந்தாலும் போதும், கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவேன், அங்கே காய் பறிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அப்பா கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு பாதி வருஷம் வெளியூரில் இருப்பார். ஆகவே வீட்டில் அம்மா, அக்கா, நான்.

அக்கா நெட்டையாக இருப்பாள். குரல் கணீரென்று வரும். அந்தக் குரலுக்காகவே டிரில் சார் இரண்டு வருஷமாக அவளைப் பெண்கள் அணிக்குத் தலைவியாக வைத்திருந்தார். சுதந்திர தினத்தன்று அவள் முன்னால் கையை வீசிக்கொண்டு போக, பின்னால் நாங்கள் எல்லாம் வெறுங்காலோடு தரையை மிதித்துக்கொண்டு போவோம். யார் காலிலும் எதுவும் இருக்காது. அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் தோன்றியது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கொடியேற்ற வருவதாக முடிவாகியிருந்தது. பெற்றோர் சங்கத் தலைவர், அவர் வருகிற நாளில் பள்ளிக்கூடம் டவுன் கான்வென்ட் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பள்ளிக்கூடத்தின் பின்சுவரிலிருந்து வாய்க்கால் வரை அவருடைய கரும்புதான். அம்மா களையெடுக்கப் போவதும் அந்தக் கரும்புக்குத்தான். அவர் ஆசைப்பட்டால் தலைமையாசிரியரும் ஆசைப்படுவார். எனவே வெள்ளை ஷூவும் வெள்ளை சாக்ஸும் உள்ளவர்கள் மட்டும் அணிவகுப்பில் வரலாம் என்று பிரேயரில் அறிவித்தார்கள். மற்றவர்கள் நாற்காலி போடவும், தரையில் தண்ணீர் தெளிக்கவும், வாசலில் கோலம் போடவும் வேண்டும். மற்றவர்கள் யார் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் தெரு முழுவதும், அடுத்த தெருவில் பாதியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா நேராக டிரில் சாரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். டிரில் சார் கெட்டவர் இல்லை. அவளுக்குக் கையை எந்த உயரத்துக்கு வீசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் இன்னா பண்றது? மேல முடிவு பண்ணிட்டாங்க. நீ ஷூ வாங்கிக்கினு வா, நாளைக்கே உன்னை முன்னாடி நிறுத்தறேன்."

சாயங்காலம் கரும்புத் தோகை கீறிய கைகளோடு அம்மா வந்தாள். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அம்மா கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். ஷூ என்பது அந்த வீட்டில் பேச்சுக்குக்கூட எடுக்கக்கூடிய பொருள் இல்லை என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நாற்காலி தூக்கிப் போட்டா கை இன்னா தேஞ்சா போயிடும்? பேசாம இரு. உங்கப்பாரு சாக்கு கெடைக்குமான்னு பாத்துக்கினு இருக்காரு" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

"சரி சின்னம்மா" என்றாள் அக்கா. அவள் சரி என்று சொன்னால் எதையோ முடிவு செய்துவிட்டாள் என்று பொருள். அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அவள் என்னிடம் சொன்னாள்: "அவுங்க மார்ச்ச நாம திருடப் போறோம்."

திருடுவதா என்று நான் பயந்தேன். பொருளையா திருடுகிறோம், நடைதானே என்றாள். ஆங்கிலத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, சார் கட்டம் போட்டுக் காட்டவில்லையா என்றும் கேட்டாள். கட்டம் போட்டு எழுதியதை மறுத்துப் பேச எனக்கு வழி தெரியவில்லை.

ஆடி கழிகிற சமயம். எங்கள் ஏரி அந்த மாதத்தில் காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கும். விடிந்ததும் அங்கே கூடுவது என்று ஏற்பாடு. முதல் நாள் நானும் இன்னும் சில பெண்களும் மட்டும் வந்தோம். அப்புறம் தெரு முழுவதுமே வந்தது. பையன்கள் வந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இவனையும் சேர்த்துக்கொண்டால்தான் நடப்பேன் என்று நின்றாள். அவனை ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நடக்கலாம் என்று சமாதானம் செய்தோம். போலீஸ் பிடிக்குமா என்று அவள் கேட்டாள். நான் அவளுக்கு மரபுத்தொடரை விளக்கினேன். படை, எதிரி, மேடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகத் துண்டுக்கு வந்தேன். சீட்டுக்குத் துண்டு போடுகிறதுதானா, அதற்குத்தான் இவ்வளவு பேச்சா என்று அவள் அலட்சியமாகப் போய் வரிசையில் நின்றாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இடது எது, வலது எது என்று தெரியவில்லை. அக்கா கோரைப்புல்லைப் பிடுங்கி எல்லோருக்கும் இடது கணுக்காலில் கட்டிவிட்டாள். லெஃப்ட் என்றால் புல்லுக் கால், ரைட் என்றால் வெறுங்கால். எங்களோடு மேய்ச்சலுக்கு வந்த ஆடுகள் காலில் இருந்த புல்லைத் தின்ன வந்தபோதெல்லாம் அணி கலைந்தது. அக்கா அதட்டுவாள், ஆடுகள் ஓடும், நாங்கள் மறுபடி சேர்ந்துகொள்வோம். மேற்கே கல்வராயன் மலை நீலமாக நின்றுகொண்டிருக்கும். ஆட்டைப் பார்க்காமல் அந்த மலையைப் பார்த்து நட என்று அவள் கத்துவாள். கொஞ்ச நாளில் நாங்கள் சேர்ந்து மிதித்தால் காய்ந்த ஏரி டப் டப்பென்று ஒரே சத்தமாகப் பேசியது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்கும். அதுவரை நான் அவ்வளவு பெரிய சத்தத்தில் பங்கெடுத்ததில்லை.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் மலைப்பக்கம் கறுத்து, எங்கள் ஊர்வரை மழை கொட்டியது. காலையில் மைதானம் சேறாகக் கிடந்தது. சொன்னபடி நாங்கள் சீக்கிரமே போய் நாற்காலிகளை எடுத்துப் போட்டோம். தண்ணீர் தெளிக்கிற வேலையை மழையே முடித்துவிட்டது. கோலம் போட்டோம். ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முன்வரிசை நாற்காலிகளைத் தன் தாவணியாலேயே துடைத்தாள். எல்லாம் முடிந்ததும் நாங்கள் ஒவ்வொருவராக வேலி இடுக்கு வழியாக வெளியேறி, சாலையோர வேப்பமரத்தின் பின்னால் கூடினோம்.

ஷூ அணி தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தது. சேற்றில் இறங்கினால் வெள்ளை போய்விடும் என்பதால், அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இறங்கினால் போதும் என்று டிரில் சார் அவர்களை அங்கேயே நிறுத்தியிருந்தார். சிலர் குனிந்து ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பாவம், அந்த ஷூ சிலருக்கு அண்ணனுடையது, சிலருக்குப் பக்கத்து ஊர் உறவுக்காரருடையது. அதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிற படையாக மட்டும் தெரிந்தார்கள்.

ஜீப் வந்தது. சேற்றைப் பார்த்த டிரைவர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். அதிகாரி இறங்கினார். தலைமையாசிரியர் மாலையோடு சேற்றில் கால் பார்த்து வைத்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சங்கத் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் சாலையில் வரிசையாக நின்றோம். அக்கா எங்களைப் பார்த்து ஒரு தரம் திரும்பினாள். அவள் உதடு வறண்டிருந்தது. அந்த நேரத்தில் டிரில் சார் எங்களைப் பார்த்துவிட்டார். தாழ்வாரத்திலிருந்தே வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். விசில் அவர் வாயில் இருந்தது, ஆனால் ஊதவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். போகச் சொன்னால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் மூச்சை இழுத்து, "ஸ்குவாட்" என்றாள். குரல் சாலையின் அந்தப் பக்கக் கரும்புவரை போனது. பிறகு லெஃப்ட், ரைட், லெஃப்ட்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். தனக்கான வரவேற்பு என்று நினைத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்தவரோ என்னவோ, எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அவர் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கும்போது வேறு யாரும் வேறு எதுவும் செய்ய முடியாது என்பது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. தலைமையாசிரியர் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சல்யூட் அடித்தார். சங்கத் தலைவர் தூக்கிப் பிடித்த வேட்டியை விட்டுவிட்டுச் சல்யூட் அடித்தார். டிரம் வைத்திருந்த பையன்கள் எங்கள் கால் சத்தத்தைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மைதானத்தைச் சுற்றி வந்தோம். சேறு விரல்களுக்கு இடையே பிதுங்கியது. எங்கள் காலுக்குச் சேறு ஒரு பொருட்டா? மேடை முன்னால் வந்ததும் அக்கா "ஐஸ் ரைட்" என்று கத்தினாள். எல்லோரும் முகத்தை வலப்பக்கம் திருப்பி, முன்வரிசைப் பெரியவர்களைக் கண்ணுக்குக் கண் பார்த்தபடி கடந்துபோனோம். அப்படிப் பார்ப்பது அணிவகுப்பின் விதி. விதி என்பதால் யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெரியவர்களை அதற்குமுன் நான் அவ்வளவு நேராகப் பார்த்ததில்லை.

எங்களுக்குப் பிறகு ஷூ அணி வந்தது. அவர்கள் குட்டையைத் தாண்டி, ஈரத்தைத் தவிர்த்து, ஆளுக்கொரு விதமாகக் கால் வைத்து வந்தார்கள். பாதிச் சுற்றிலேயே எல்லா ஷூவும் ஒரே நிறமாகிவிட்டது. அதிகாரி பேசும்போது, வெறுங்காலோடு வந்த பிள்ளைகளின் ஒழுங்கைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொன்னார். இப்படி எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்துகிற பள்ளிக்கூடத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது என்றார். தலைமையாசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் அக்காவைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாடத்தில் படித்தோம் என்றாள். எந்தப் பாடம் என்றதும் அவள் மரபுத்தொடரைச் சொன்னாள். உடனே ஆங்கில சாரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்றபோது அவரும் எங்களில் ஒருவர் மாதிரிதான் இருந்தார். தலைமையாசிரியர் முன்னால் அவர் தன் பாடத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே. அது அடுத்தவனுக்குத் தெரியாம, சத்தமில்லாம முந்திக்கிறது. உங்க மாதிரி டிரம் அடிச்சுக்கிட்டு வர்றதுக்கு அந்த அர்த்தம் கிடையாது" என்றார்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நாங்க எல்லாரும் பாக்கணும்னுதான் சார் வந்தோம். அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சார் பேரு?"

தலைமையாசிரியர், நாளைக்கு வீட்டில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அம்மா அடுப்பில் உலை வைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று கேட்டாள். அக்கா, பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். அம்மா அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். மறுநாள் களையெடுக்கப் போகாமல், கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினாள்.

அறையில் தலைமையாசிரியர் இருந்தார். டிரில் சாரும் ஆங்கில சாரும் சுவரோரமாக நின்றார்கள். சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அக்காவும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியர் குற்றங்களைச் சொன்னார். அனுமதி இல்லாமல் அணி சேர்த்தது, வேலி தாண்டியது, பெரிய மனிதர்கள் முன்னால் பள்ளிக்கூடத்தை அவமானப்படுத்தியது. பிரேயரில் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்.

அக்கா மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். பேசாமல் இரு என்று சொன்னவள் அம்மாதான். இப்போது அக்காவின் தலையில் ஒரு குட்டு வைத்து, கேளுடி மன்னிப்பு என்று சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். தலைமையாசிரியரும் அதற்குத்தான் காத்திருந்தார்.

"நேத்து அந்த ஆபீசரு நல்லாயிருக்குதுன்னு சொன்னப்ப நீங்க தலையாட்டிக்கினு இருந்தீங்களே சார். வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கினு நானும் பாத்தேன்" என்றாள் அம்மா.

சங்கத் தலைவர் டீ கிளாஸை மேஜையில் வைத்தார். நேற்று வேலைக்கு வராமல் இங்கேயா வந்து நின்றாய் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அதுவரை அவரிடம் அம்மா பேசி நான் பார்த்ததில்லை, அவர் சொல்லுவார், அம்மா செய்வாள்.

"ஆமாங்க. எம் புள்ளைங்க நடக்கறதப் பாக்க வந்தேன்" என்றாள். பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பி, "வெறுங்காலுன்னு ஒதுக்கினீங்க. அந்தக் காலோடவே நடந்து காட்டிச்சிங்க. இதுக்கு மன்னிப்பு கேளுன்னு எம் வாயால நான் சொல்ல மாட்டேங்க" என்றாள்.

ஆங்கில சார் தொண்டையைச் செருமினார். கொடியேற்ற வந்தவர் அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லாத குறையாகப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார், பாராட்டிய மறுநாளே டி.சி. கொடுத்தோம் என்று அவர் காதுக்குப் போனால் என்ன சொல்வது என்று பணிவாகக் கேட்டார். அந்தக் கேள்வி தலைமையாசிரியருக்கும் இரவெல்லாம் இருந்திருக்க வேண்டும். வேறு யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர்போல உடனே பிடித்துக்கொண்டார். டி.சி. வேண்டாம், பிராதும் எழுத வேண்டாம், ஆனால் இந்தப் பெண் இனிமேல் எந்த விளையாட்டிலும் எந்த அணியிலும் இருக்கக்கூடாது என்று முடித்தார். டிரில் சார் தரையைப் பார்த்தார். சங்கத் தலைவர் எழுந்து போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். வீடுவரை குதித்துக்கொண்டே போனேன். அம்மாவையும் அக்காவையும் லெஃப்ட் ரைட் போடச் சொல்லி இழுத்தேன். அக்கா மட்டும் எனக்காகக் கொஞ்ச தூரம் போட்டாள். அதன்பின் அவள் எந்த அணியிலும் நடக்கவில்லை. ஆனால் கேரளாவுக்கும் போகவில்லை. பத்தாவது முடித்தாள், கள்ளக்குறிச்சிக்குப் போய் மேலேயும் படித்தாள். அடுத்த வருஷம் ஷூ என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள், ஷூ இருந்தவர்கள்கூட அதை வகுப்பிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், காலாண்டு விடுமுறையில், அம்மா எங்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனாள். கரியாலூர் பக்கத்தில் ஒரு வீடு. கரும்பு வெட்டும் காலத்தில் கீழே வேலைக்கு வந்து அம்மாவோடு பழகிய ஒரு பெண்ணுடைய வீடு. விடுமுறைக்கு வெளியூர் போவது என்பது ஷூ வைத்திருப்பவர்கள் செய்கிற காரியம் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது நாங்களும் போகிறோம். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. எனக்குக் குமட்டியது, அதுகூடப் பெருமையாக இருந்தது. மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மாவும் அக்காவும் காலையில் அறுக்கப் போவார்கள். நான் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு அருவிக்குப் போய் நடுங்க நடுங்கக் குளித்துவிட்டு வருவேன். சாமைச் சோறு, புகை வாசனை, கம்பளி. பள்ளி திறந்ததும் எல்லோரிடமும் சொல்லவேண்டியவற்றை மனதில் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த அறையில் அம்மா பேசிய அன்றே கரும்பில் அவளுக்கு வேலை போய்விட்டது. அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் அவளைக் கூப்பிடக்கூடாது என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் அம்மா அவ்வளவும் பேசியிருக்கிறாள். இவையெல்லாம் பல வருஷம் கழித்து அக்கா சொல்லி எனக்குத் தெரியவந்தவை. ஊரில் வேலை இல்லாமல்தான் மலைக்கு வந்திருக்கிறோம் என்று அப்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் நான் அறுப்புக் காட்டுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். சரிவில் அம்மாவும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஜில்லென்று அடித்தது. எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

"இனிமே தினமும் இங்கியே வேலைக்கு வந்துடலாமே அம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வரலாம், வரலாம்" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அரிவாளை இன்னும் வேகமாக ஓட்ட ஆரம்பித்தாள். பசியில் இருக்கிறாள் என்று நினைத்து நான் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்தேன்.